டி.சி. வாங்கப் போன கதை: அஜ்மான் – துபாய் – புஜைரா, ஒரே நாளில்

கோடை வகுப்பை வேறொரு சட்டக் கல்லூரியில் படித்து, அந்த கிரெடிட்டைத் தன் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு பேர் இந்த வலைப்பூவில் கேட்டிருந்தார்கள். முடியும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் 2007 ஜூன் மாதத்தில் இதற்காகவே ஒரு நாள் முழுக்க அலைந்தேன். போக்குவரத்துச் செலவு, இரண்டு பேருக்கும் சேர்த்து, 271 திர்ஹம்.

அலைந்தது எனக்காக இல்லை, என் ஓரகத்தி ஜெனிட்டாவுக்காக. கொழுந்தன் ரூபனும் அவளும் எங்களோடு அஜ்மானில் ஒரே ஃபிளாட்டில் இருந்தார்கள். அவள் துபாயில் ஒரு சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பிரசவத்தால் இரண்டு பாடம் விட்டுப்போயிற்று. அந்தக் கோடையிலேயே அவற்றை முடிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது. அவள் கல்லூரியில் கோடை வகுப்பு கிடையாது, புஜைராவில் ஒரு கல்லூரியில் இருந்தது. சேரக் கடைசி நாள் அந்தப் புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. ரூபனுக்கு லீவு கிடைக்கவில்லை. "மைனி, நீங்க கூடப் போயிட்டு வாங்க" என்றான்.

மறைத்து எழுத எனக்கு வராது. அவள் மேல் எனக்குப் பொறாமை. அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கப் போவாள், அவள் பிள்ளை என் இடுப்பில் இருப்பான். பிள்ளை தூங்கும் நேரத்தில் அவளுடைய கல்லூரிக் கையேட்டை அகராதியோடு உட்கார்ந்து மூன்று வாரத்தில் படித்து முடித்தேன். 64 பக்கம். "அதையெல்லாம் யாருக்கா படிப்பா?" என்று சிரித்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பிள்ளையைப் பக்கத்து ஃபிளாட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு 6.10க்குக் கிளம்பினோம். அஜ்மானிலிருந்து துபாய் தேரா வரை ஷேர் டாக்ஸி, ஆளுக்குப் பத்து திர்ஹம். இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஷார்ஜா நெரிசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த வழியில் காலையில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பத்துப் பத்து மணியாக எண்ணி, இரண்டாம் பத்து முடியும்போது ஜெனிட்டா ஒரு தாளை நீட்டினாள். "அவ்வோ எழுதிக் குடுத்த லெட்டர். ஸ்பெல்லிங் மட்டும் பாருங்கக்கா."

வேறு கல்லூரியில் படிக்கப் போவதால் டி.சி. தரும்படி கேட்டு எழுதியிருந்தான் ரூபன். நம் ஊரில் பள்ளிக்கூடம் மாறினால் முதலில் வாங்குவது டி.சி.தானே. டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு அதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் டி.சி. வாங்கினால் பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடியும் வேண்டுமென்றால் முதலாம் ஆண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே வேண்டியது முன் அனுமதிப் படிவம். கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம்.

சர்டிபிகேட் என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

தேராவிலிருந்து கல்லூரிக்கு மீட்டர் டாக்ஸி, 38 திர்ஹம். 8.40க்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் ஒரு மலையாளிப் பெண். கடிதத்தைப் படித்துவிட்டு, "டி.சி. தன்னே வேணோ? உறப்பாணோ?" என்றார். டி.சி.யேதான் வேண்டுமா, நிச்சயமா என்று.

"ஆமா சேச்சி, இன்னைக்கே புஜைராவுல சேரணும்" என்றாள் ஜெனிட்டா.

டீன் கையெழுத்துக்கு நேரமாகும், உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தோம். மூன்றாம் பத்தை நான்கு தடவை தொடங்கி நான்கு தடவையும் எண்ணிக்கை தவறியது. படிப்பு போனால் அவளும் என்னைப் போலவே ஆகிவிடுவாள் என்று ஒரு எண்ணம். மாதாவிடம் ஜெபித்துக்கொண்டே அதை எண்ணினேன். ஜெனிட்டா, "புள்ள பால் குடிச்சிருப்பானாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

9.25க்குக் கவுண்டரில் கூப்பிட்டார்கள். "ஐ.டி. கார்டு தா மோளே. இனி அது வேண்டல்லோ." இனி அது தேவையில்லையாம்.

ஜெனிட்டா ஒன்றும் புரியாமல் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினாள். நாடா காதில் கிடந்த ஜிமிக்கியில் மாட்டிக்கொண்டது. நான்தான் எழுந்துபோய் எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு, "குடுக்காத" என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: இவளுக்கு டி.சி. வேண்டாம், நாற்பத்தொன்றாம் பக்கத்துப் படிவம் வேண்டும், இரண்டு பாடத்தின் பாடத்திட்டமும் கையில் இருக்கிறது. அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். "சேச்சி வக்கீலாணோ?"

அந்த நேரத்தில் ஜெனிட்டாவின் படிப்பு தப்பியதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இனித்தது.

அனுமதிக் கடிதம் 10.30க்குக் கைக்கு வந்தது. தேராவுக்கு மறுபடி 38 திர்ஹம். அங்கிருந்து புஜைராவுக்கு 125 கிலோமீட்டர், ஷேர் டாக்ஸியில் ஆளுக்கு 25. பெண்கள் இருவர் மட்டும் போவதென்றால் பின்சீட்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள், 75. டிரைவர் ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரர். வழியில் மசாபி என்ற மலையூரில் டீ குடிக்க நிறுத்தப் பார்த்தார்.

"நஹி பாய், ஜல்தி" என்றாள் ஜெனிட்டா.

"பஹாட் ஹை பெஹன், ஜஹாஸ் நஹி" என்றார். இது மலைப்பாதை, விமானம் இல்லையாம். ஆனாலும் நிறுத்தவில்லை. ஒன்றேகாலுக்குக் கல்லூரி வாசலில் இறக்கினார், ஒன்றே முக்காலுக்குப் பதிவு முடிந்தது.

திரும்பும்போது புஜைரா ஸ்டாண்டில் வண்டி நிறைய ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஷார்ஜாவுக்கு மூன்று சீட்டும் 75, அங்கிருந்து அஜ்மானுக்குப் பதினைந்து, கல்லூரியிலிருந்து ஸ்டாண்டுக்கு வர பத்து. வண்டிக்குள் ஏசி போடாமல் உட்கார்ந்திருந்தபோது ஜெனிட்டா கேட்டாள்.

"ஸ்பெல்லிங் பாக்கக் குடுத்தேம்லா, அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொல்லத் தோணல. நீ படிக்காம நின்னா நல்லதுன்னு இருந்துச்சு."

வண்டி நிறைந்து கிளம்பி மசாபியைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே, "கடைசியில சொன்னியள்லா, அதுக்கு உங்கள நான் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா எம்புள்ளய நாளையில இருந்து பக்கத்து ஃபிளாட்டுல விடுதேன்."

இனி, போகிறவர்களுக்கு. அனுமதியை முதலில் வாங்குங்கள், பிறகு சேருங்கள். சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. பாடத்திட்டத்தின் நகல் கட்டாயம். அவள் கல்லூரியில் சி கிரேடுக்குக் குறைந்தால் கிரெடிட் வராது. வந்தாலும் பாடம் முடித்த வரவு மட்டும்தான் வரும், மதிப்பெண் வராது. ஜெனிட்டா புஜைராவில் ஒரு பாடத்தில் ஏ வாங்கினாள், துபாய்ப் பட்டியலில் அது ஏறவே இல்லை. உங்கள் கல்லூரியில் எப்படி என்று உங்கள் கையேட்டில் பாருங்கள். டி.சி. என்ற வார்த்தையை வாயிலேயே எடுக்காதீர்கள். புஜைராவிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பினால் வண்டி சீக்கிரம் நிறையும்.

வகுப்பு ஐந்து வாரம் நடந்தது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மன்னிப்பும் தந்துவிட்டார். ஆனால் தினமும் காலையில் ஜெனிட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அடுக்களையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுவான். பக்கத்து ஃபிளாட்டுக் கதவு திறந்து, அந்த அம்மாள் "வாடா ராசா" என்பது தோசைக்கல் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அடுத்த வெள்ளிக்கிழமை சாமியாரிடம் அந்த அம்மாள் மேல் வந்த பொறாமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.