இலக்கமில்லாத பால்மா

பால்மா வாங்கினால் அன்றே பக்கற்றை வெட்டிக் கண்ணாடிப் போத்தலில் கொட்டிவிடுவோம். இல்லாவிட்டால் எறும்பு. மாரியில் விறகு நனைந்திருக்கும், வெறும் பக்கற்றைக் கொளுத்தித்தான் அடுப்பு மூட்டுவோம். ஸ்கந்தபுரத்தில் எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். அதைப் பிழை என்று நினைத்ததில்லை.

அந்த மாரியில் மகளுக்குப் பத்து மாதம். தாய்ப்பால் மட்டும் காணாது. போத்தல் மாவைத்தான் கரைத்துக் கொடுத்தோம்.

மா வாங்கி நாலாம் நாள் காலை சந்திக் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிங்களமும் ஆங்கிலமும் பெரிதாக, அடியில் கொஞ்சம் தமிழ். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒரு தொகுதிப் பால்மாவில் பழுது இருக்கலாம். திரும்பப் பெறுகிறோம். பக்கற்றில் உள்ள இலக்கத்தைப் பார்க்கவும். பதற்றம் வேண்டாம்.

"எனக்குத் தந்தது இந்த மாவோ, நானா?" என்று கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம் கேட்டேன்.

"ரெண்டு தொகுதி வந்தது தம்பி. எதில தந்தனெண்டு எப்பிடிச் சொல்ல? மிச்சத்தைக் கம்பனி லொறி அள்ளிட்டுப் போயிட்டுது. பக்கற்றைப் பாருங்களன்."

"அதை அடுப்புக்குள்ள போட்டிட்டம்."

"அப்ப அடுப்பிட்டத்தான் கேக்கணும்," என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளிலிருந்த போன் நம்பரை வாசித்துச் சொன்னார்.

அந்த நம்பருக்கு எடுத்தேன். கனநேரம் பாட்டு. பிறகு ஒரு பெண்.

"பக்கற்றுக்குப் பின்னுக்கு இருக்கிற இலக்கத்தைச் சொல்லுங்க சேர்."

"பக்கற் இல்லை தங்கச்சி. மா இருக்கு. மகள் நாலு நாளாக் குடிச்சிட்டாள். அது என்ன செய்யும்?"

"இலக்கம் இல்லாம ஒண்டும் சொல்ல ஏலாது சேர். எங்கட ஏனைய தயாரிப்புகள் பாதுகாப்பானவை."

"என்ர வீட்டில இருக்கிறது அந்த ஏனையதோ?"

"மாவை எறிய வேணாம் சேர். அதிகாரி உங்களுக்குக் கோல் எடுப்பார்."

மகளைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் அம்மா வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"இப்ப ஒண்டும் தெரியேல்ல. காய்ச்சல், வயித்தோட்டம் வந்தா உடன கொண்டு வாங்கோ. மாவில என்ன பிழையெண்டு கம்பனி சொன்னவையோ?"

இல்லை என்றேன்.

"நான்தானே கரைச்சுக் குடுத்தனான்," என்றாள் மனைவி, திரும்பி வரும் பஸ்ஸில்.

"நான்தானே வாங்கி வந்தனான்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் மாப்போத்தலைக் கண்டு கையை நீட்டினாள். கஞ்சித் தண்ணி பருக்கினோம். துப்பினாள். போத்தலைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அதைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

அதிகாரி கோல் எடுக்கவில்லை. மூன்று நாளில் போனுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை புள்ளி தருவீர்கள் என்று.

மகள் இப்போது ஓடித் திரிகிறாள். ஒன்றும் வரவில்லை. வராது என்று சொல்லவும் ஆளில்லை. எறிய வேண்டாம் என்றவர்கள் எறியச் சொல்லவேயில்லை. மா கட்டிபட்டுப் போத்தலோடு இருக்கிறது.

எப்போதாவது வயிறு நோகுது என்பாள். நாங்கள் இரண்டு பேரும் அலுமாரிக்கு மேலே பார்ப்போம்.