பெயர் வைக்காத மாத்திரை

மூன்று வருடம் இருக்கும். அப்போது பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. புது மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்க முன்வருகிற நோயாளிகளிடம் விவரம் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் அதே ஊர் மல்லேஸ்வரத்துத் தமிழ்ப் பெண், வாயாடி. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படித்தான் கண்டோன்மென்ட் பக்கமிருந்து அந்த அக்கா வந்தார். கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கிற வேலை. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கவில்லை. மேனேஜர் வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டாராம்.

ரத்தம் எடுப்போம், வயிறு எரியலாம், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரைதான், யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. எல்லாவற்றையும் அவர் பேச்சிலேயே சொன்னேன். சம்மதத் தாளின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘ஆய்வு நிறைவுற்ற பின் மருந்து தொடர்ந்து வழங்கப்படும் என உறுதியளிக்க இயலாது.’ அதை மட்டும் தாளில் இருந்தபடியே கடகடவென்று படித்தேன். ஆள் சேரவில்லை என்று மேலே ஒரே நச்சரிப்பு. புரியும்படி சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். அவரும் “சரிம்மா” என்று தலையாட்டிவிட்டார்.

இரண்டாவது மாதம் வந்தவர், என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

“பாரு கண்ணு, எப்படி கிள்றேன்!”

“ஐயோ அக்கா, வலிக்குது!” என்று கத்தினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

திடீரென்று ஒருநாள் மருந்து கம்பெனி ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது. ஆபத்து ஒன்றுமில்லை, வியாபாரக் காரணமாம். மிச்சமிருக்கிற மாத்திரைகளை நாங்கள் திருப்பி வாங்கிவிட வேண்டும். அக்கா டப்பாவை மேஜையில் வைத்தார். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“இதுக்கு பேரு என்னம்மா? மெடிக்கல்ல வாங்கிக்கிறேன்.”

“இன்னும் பேரே வைக்கலைக்கா. நம்பர்தான். கடையில கிடைக்காது.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“அன்னிக்கே படிச்சேனே அக்கா.”

“படிச்சே. எனக்குச் சொல்லலியே கண்ணு.”

டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். டாக்டர் பழைய மருந்தையே எழுதிக்கொடுத்தார். பிறகு நான் விசாரிக்கப் போன் செய்தபோது மகள்தான் எடுத்தாள். விரல் மறுபடி மடங்கவில்லை, வேலையும் போய்விட்டது என்றாள். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆராய்ச்சி முடிவுகளை வெளியிடாமல் மூடிவைக்கலாமா என்று பேப்பரில் இப்போது விவாதம் நடக்கிறது. படித்தால் வயிற்றெரிச்சல்தான். எங்கள் முடிவும் எங்கேயும் வரவில்லை. அக்கா சாப்பிட்டது நிஜ மருந்தா, வெற்று மாத்திரையா என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்றும் அதே வேலைதான். அந்த வரியைத்தான் இப்போது முதலில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் பேசுகிற தமிழில். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த அக்காவும் போயிருப்பாரோ என்னவோ, அதை அவர் முடிவு செய்ய நான்தான் விடவில்லை.