மூச்சுக்குக் காத்திருந்த மெசின்

சண்டை ஓய்ந்து பாதை திறந்த மறு வருடம் விசுவமடுவிலிருந்து மகளோடு கொழும்புக்குப் போனேன். என் இதயத்தின் சுவர் தடித்திருக்கிறதாம். காந்த மெசினில் படம் எடுத்துப் பார்த்தால்தான் ஒப்பரேசன் வேண்டுமா என்று சொல்லலாம் என்றார் டொக்டர். அந்த ஒரு நாள்தான் கிடைத்திருந்தது.

குழாய் போன்ற மெசினுக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். படம் எடுக்கிற பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள்.

"அம்மா, மூச்சை விட்டிட்டு அப்படியே பிடிங்க. சத்தம் நின்றதும் விடலாம்."

மெசின் இடித்தது. பிடித்தேன். சத்தம் நின்றது. நான் விடவில்லை. சண்டைக் காலத்தில் பங்கர்க் குழிக்குள் பழகிய பழக்கம். குண்டு போடுகிற கிபிர் விமானம் போனாலும் திரும்பி வரும், இருபது எண்ண வேண்டும். எண்ணி முடித்து நான் மூச்சிளைக்கும்போது அடுத்த படம் தொடங்கிவிடும். எடுத்த மூன்று தரமும் படம் கலங்கிப் போனது.

பிள்ளை என்னை வெளியே எடுத்தாள். வாசலில் நின்ற மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அயலிலை சண்டையெண்டால் மூச்சுக் காட்டாமல் வேலியோடை நிண்டு கேட்பா. இஞ்சை மட்டும் ஏலாதாம்!"

பிள்ளை சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எண்ணுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

என் கணவருக்கு மூச்சு முட்டு வருத்தம். பங்கருக்குள் அவர் மூச்சு விசில் போல இழுக்கும். மேலே பறப்பதற்கு அது கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு எண்ணுவேன். ஒருநாள் இருபது எண்ணிக் கையை எடுத்தேன். அவர் மூச்சு எடுக்கவில்லை.

மெசின் நின்ற அமைதியில் அந்த விசில்தான் கேட்டது.

"பரவாயில்லை அம்மா, பிடிக்க வேண்டாம். உங்கட பாட்டுக்கு மூச்சு விடுங்க" என்றாள் பிள்ளை. "நெஞ்சுக்குக் கீழே ஒரு தசை மூச்சோட ஏறி இறங்கும். அது ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் மெசின் படம் பிடிக்கும். நேரம் போகும், அவ்வளவுதான்."

"அதுவரைக்கும் மெசின் காத்திருக்குமோ பிள்ளை?"

"காத்திருக்கும் அம்மா."

நெடுநேரம் கிடந்தேன். காதருகில் அவர் மூச்சு இழுத்தது. பொத்துவதற்குக் கை உன்னியது. அசையக் கூடாதென்று சொல்லியிருந்தாள். இழுக்கட்டும் என்று கிடந்தேன்.

படம் தெளிவாக வந்தது. ஒப்பரேசன் வேண்டாம், மருந்துக் குளிசை போதும் என்றார் டொக்டர்.

திரும்பி வரும்போது வவுனியா தாண்டியதும் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா வாய்க்குள்ளை முணுமுணுக்கிறியள்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

எண்ணிக்கொண்டு வந்தவள் பத்தொன்பதில் நின்றிருந்தேன்.