சப்பாத்து லேஸ் அவிழ்ந்த பரீட்சை நாள்

நான் அதிகம் பேசாதவன். கண்டி மார்க்கட்டில் மரக்கறி மூட்டை இறக்குகிறவனுக்குப் பேச்சு பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை. ஆனால் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், வீட்டில் இரண்டு பேருக்காக நான்தான் பேச வேண்டியிருந்தது.

எல்லாம் ஒரு கைத்தொலைபேசியால் வந்தது. மகள் எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மனைவி அதைப் பிடுங்கி, நாவலப்பிட்டியில் இருக்கும் தன் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள். பரீட்சை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றாள். அன்றோடு மகள் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

"அப்பா, அவங்ககிட்ட சொல்லுங்க, எனக்குச் சோறு வேணாம்."

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மனைவி என்னைப் பார்த்துச் சொல்வாள்: "ஒங்க மகாராணிகிட்ட கேளுங்க, பட்டினி கெடந்தா போன் நடந்து வந்துருமான்னு."

மூட்டை தூக்கிய முதுகோடு கதிரையில் உட்கார்ந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அது செல்லும்.

பரீட்சை தொடங்கும் நாள் வந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் தாய் தகப்பன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பரீட்சைக்குப் போவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. அதனால் வேலைக்குப் போகாமல் நின்றேன். மகள் சாமி கும்பிட்டு என் காலைத் தொட்டாள். மனைவி விடியமுன்பே குளித்து, உள்ளங்கையில் திருநீற்றோடு குசினி வாசலில் காத்திருந்தாள். மகள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மனைவி திருநீற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். திடீரென்று செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

பஸ் ஹோல்ட்டில் சிநேகிதிகளோடு நின்ற மகள் அம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவி கீழே பார்த்தாள். மகளின் வெள்ளைச் சப்பாத்தில் லேஸ் அவிழ்ந்து சேற்றில் இழுபட்டது. அத்தனை பேர் முன்னால் மனைவி குனிந்து அதைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

மகள் பதறிப்போனாள். "ஐயோ அம்மா! என் காலைப் போயி தொடுறீங்களே, பாவம்! எந்திரிங்க!"

"ஆட்டாதடி. தடுக்கி விழுந்து தொலைச்சா யாரு பேப்பர் எழுதுறது?"

பஸ் வந்தது. ஓடி ஏறியவளின் தோளில் மனைவி எட்டி, உள்ளங்கையில் மிஞ்சியிருந்த திருநீற்றை அப்பினாள். வெள்ளைச் சட்டையில் அது தெரியவே இல்லை.

பின்னேரம் மகள் வந்ததும் வராததுமாய் அம்மாவிடமே நேரே பாய்ந்தாள். "நீங்க என் காலைத் தொட்டதாலதான் சைவநெறிப் பேப்பரே கஷ்டமா வந்திச்சு!"

"அப்ப நாளைக்கு நீ என் காலைத் தொடு. சரியாப் போயிரும்."

"போனைக் குடுங்க, தொடுறேன்."

"போடி."

சோறு வேகும்வரை சண்டை நடந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கதிரையில் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். வந்ததும் மனைவி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "காலைத் தொட்டா, தொட்டா. சுடுசட்டியத் தொட்ட மாதிரி தொட்டுட்டு ஓடிட்டா."

வழக்கம்போல மகளிடம் போய் ஏதாவது சொல்லச் சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை.