பின்னறைக்கு வராத பார்ட்டி

எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதில்லை. நான் லேப்டாப்பில் எட்டுப் பேரோடு மீட்டிங்கில் இருப்பேன். அம்மா ஈரக்கையோடு வந்து, எனக்குப் பின்னால் இருக்கும் கொடியில் பாவாடையைக் காயப்போட்டுவிட்டு, "வெயிலே இல்ல, இங்கனயே கெடக்கட்டும்" என்று எட்டுப் பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவாள். அறைக்குக் கதவு உண்டு. குளிர்காற்று அடித்தால் அதை மூடுவோம், அவ்வளவுதான் அதற்கு வேலை.

மலைமேல் அட்டுவம்பட்டியில் இருக்கும் அந்த வீட்டில் ஒரு முன்னறை, ஒரு சமையலறை, ஒரு பின்னறை. பின்னறைக்கு மட்டும் தனி வாசல், தனிக் குளியலறை, கீசர், பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல். அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் கடன் வாங்கிக் கட்டியது. அவர் அதை 'காம்பரா' என்பார். அப்பா சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் கப்பலில் இந்தப் பக்கம் வந்தவர். அங்கத்துப் பேச்சில் அவரிடம் மிஞ்சியது இதுபோல ஒன்றிரண்டு சொற்கள்தான். மற்றதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

அந்த அறை எங்களுக்காகக் கட்டியது அல்ல, சீசனுக்காகக் கட்டியது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் கீழே ஊரெல்லாம் வேகும்போது மேலே ஏறி வருகிற ஆட்களை எங்கள் பக்கத்தில் 'பார்ட்டி' என்போம். நல்ல பார்ட்டி, தண்ணீரை வீணாக்குகிற பார்ட்டி, போகும்போது பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போன பார்ட்டி என்று பல ரகம். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். சீசன் வந்தால் நல்ல அறை பார்ட்டிக்கு. வீட்டு ஆட்கள் சமையலறையில் பாய் விரித்துச் சுருண்டுகொள்ள வேண்டும். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. மழைக்காலம் முழுக்க அந்த இரண்டு மாதக் காசில்தான் அடுப்பு எரிகிறது.

கல்யாணம் முறிந்து, கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துகொண்டு, இரண்டு பெட்டிகளோடு நான் திரும்பி வந்தது ஓர் ஆகஸ்டில். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. பின்னறை சும்மா கிடந்தது, அதில் ஏறிக்கொண்டேன். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையணைக்கு உறை மாற்றிப் போட்டாள். அதற்கு இன்றுவரை அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன், அவள் மீது எவ்வளவு கோபம் வந்தாலும்.

வேலை கையில் இருந்தது. மருத்துவக் காப்பீட்டுக்கு வருகிற பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்காரர்களோடு போனில் பேச வேண்டும், வீட்டிலிருந்தே பேசலாம். முதல் சம்பளம் வந்ததும் கொஞ்சம் பணத்தை அம்மா கையில் வைத்தேன்.

"என்ன இது?"

"ரூமுக்கு."

"ரூமுக்கா? நீ என்ன இங்க குடி வந்திருக்கியா? பெத்த புள்ளகிட்ட வாடகை வாங்கித் திங்கிற அளவுக்கா நாங்க கெட்டுப் போனோம்?"

பணத்தை என் மடியிலேயே திருப்பிப் போட்டாள். மறுநாளிலிருந்து நான் வேறு வழியைப் பிடித்தேன். கேஸ் சிலிண்டர் என் காசு, கரண்ட் பில் என் காசு, அரிசி மூட்டை என் காசு. அதையெல்லாம் அம்மா கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள். வாடகை என்ற சொல் மட்டும்தான் அவளுக்கு ஆகாது. பாசம் என்றால் இதுதான் என்று நானும் நெகிழ்ந்துபோயிருந்தேன், ஏப்ரல் வரை.

ஏப்ரலில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் சாமான்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் ஏறிச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்பா. பின்னாலேயே அம்மா, "பார்ட்டி அடிவாரத்துக்கு வந்துட்டாங்களாம், வெரசா உன் சார்ஜரப் புடுங்கு" என்றாள். குடியிருப்பவரை எழுப்ப வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும். நான் குடியிருப்பவள் இல்லையே, பெற்ற பிள்ளை. சார்ஜரைப் பிடுங்கினேன்.

முன்னறையில் அப்பாவின் கட்டிலும் அலறும் டி.வி.யும். அதனால் அந்தச் சீசன் முழுக்கச் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தேன். ஓர் ஆஸ்பத்திரி அதிகாரியோடு இதய அறுவை சிகிச்சை பில்லைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குக்கர் மூன்று விசில் அடித்தது. மேனேஜர் என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டு, வீட்டில் அமைதியான இடம் இல்லை என்றால் கோயம்புத்தூர் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஊரில், அதே தெருக்களில், ஒரு ஹாஸ்டல் கட்டிலில் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க என்னால் முடியாது. எனக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு வேலை வேண்டும், வேலைக்கு அந்த அறை வேண்டும்.

அதனால் அடுத்த சீசனுக்கு முன், மார்ச்சிலேயே பேச்சை எடுத்தேன். இந்த வருடம் பின்னறையை யாருக்கும் விட வேண்டாம் என்றேன். அம்மா அப்பாவைக் கை காட்டினாள். சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்திருந்தது. வேனை விற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மதுரைக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும், அதுவும் ஓர் ஊசியோடு முடிகிற சங்கதி இல்லை. சீசன் காசு இல்லாமல் எப்படி?

"அந்தக் காச நான் தர்றேன்மா. சீசன் ரேட்டே தர்றேன்."

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா? ஊருல என்ன பேசுவாங்க? புருசன் வீட்டுல இருந்து வந்தவகிட்ட ரூம் வாடகை வாங்குனாளாம்னு காறித் துப்ப மாட்டாங்க?"

ஆக, என்னிடம் காசும் வாங்க மாட்டாள், காசு இல்லாமல் அறையையும் தர மாட்டாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் அந்த அபாரமான யோசனையும் வந்தது.

எங்களுக்குப் பார்ட்டி பிடித்துத் தருகிற புரோக்கர் ஒருவர் உண்டு. அவரை ஏரிச் சாலையில் ஒரு டீக்கடையில் பார்த்து, ஏப்ரலில் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, மே மாதம் முழுவதற்கும் சீசன் ரேட்டைக் கையில் கொடுத்தேன். என் சேமிப்பில் பாதி அது. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம், முழு மாதத்துக்கும் புக் செய்திருக்கிறது, எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது என்று வீட்டில் சொல்லிவிடச் சொன்னேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு என்னங்க, காசு வந்தாச் சரி" என்று கமிஷனை எடுத்துக்கொண்டார். பிறகு வழக்கப்படி அப்பாவிடமும் ஒரு கமிஷன் வாங்கினார் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது.

என் கணக்கு சுலபமானது. காசு அப்பாவுக்குப் போய்விடும். பார்ட்டி வரப்போவதில்லை. அறையில் நான் பாட்டுக்கு உட்கார்ந்து வேலை பார்ப்பேன்.

அம்மா என்று ஒருத்தி அந்தக் கணக்கில் இல்லாமல் போய்விட்டாள். முன்பணம் தந்த பார்ட்டியின் அறையை எங்கள் வரிசையில் எவரும் தொட மாட்டார்கள். முன்பே சொல்லாமல் ராத்திரி பன்னிரண்டுக்கு வந்து இறங்கினாலும் அறை துடைத்து வைத்தபடி இருக்க வேண்டும். இருபது வருடமாக அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அது எனக்குத் தோன்றவே இல்லை. மே முதல் தேதி காலை அம்மா பெட்ஷீட் மாற்றினாள், தரையை பினாயில் போட்டுத் துடைத்தாள், என் மேஜையை இழுத்துச் சமையலறையில் போட்டாள், பின்னறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"அவங்க வர்ற வரைக்கும் நான் உள்ள இருந்துக்கறேனே" என்றேன்.

"காசு வாங்கியாச்சு. வர்ற நேரத்துல உன் பேனாவும் வயரும் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் சீசன் ரேட்டில் செய்திருந்தேன்.

ஐந்து நாள் அந்த அறை பூட்டிக் கிடந்தது. சாயங்காலமானால் அம்மா போய்க் கீசரைப் போடுவாள், எட்டு மணிக்கு அணைப்பாள். "பாவம், மலையேற ஈ-பாஸ் கெடச்சிருக்காது" என்பாள். வாசலில் வந்து கேட்ட இரண்டு நிஜப் பார்ட்டிகளை, ரூம் இல்லை என்று பெருமையாகத் திருப்பி அனுப்பினாள். நான் சமையலறையில் மிக்ஸிக்கும் குக்கருக்கும் நடுவே ம்யூட் பொத்தானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் பொத்தானை அழுத்த மறந்த நேரத்தில் அம்மா தேங்காய்ச் சட்னி அரைத்தாள். பத்தாவது நிமிடம் மேனேஜர் போனில் வந்தார். திங்கட்கிழமைக்குள் தனி அறைக்கு ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் ஆபீசுக்கு வந்துவிடுங்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு, சட்னிக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெங்களூர் குடும்பம் என்று யாரும் இல்லை, அந்தப் பார்ட்டி நான்தான்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆளுக்குக் கமிஷன் வேற அழுதியா?" என்பது. அதற்கப்புறம்தான் அழுதாள். ஊரே சிரிக்கும் என்றாள், தன் வயிற்றில் பிறந்தவள் தன்னையே ஆள் வைத்து ஏமாற்றிவிட்டாள் என்றாள். அதில் எதையும் மறுக்க முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பருப்பு டின்னுக்குள்ளிருந்து பணத்தை எடுத்து என் முன்னால் மேடையில் வைத்தாள். அதை எடுத்தால் ஊசிக்குக் காசு இல்லை. எடுக்காவிட்டால் அவள் முகத்தில் முழிக்க முடியாது. நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டல் தேட ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா எப்போது டி.வி.யை அணைத்துவிட்டு வந்தார் என்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் காச உள்ள வையி" என்றார் அம்மாவிடம்.

"ஏங்க, பெத்த புள்ளகிட்ட..."

"சிலோன்ல லயத்துல, அந்த வரிசை வீட்டுல, காம்பராவுக்கு வாடகை கெடையாது" என்றார் அப்பா. "தோட்டத்து வீடு, சும்மா இருந்துக்கன்னு விட்டிருந்தாங்க. எங்கப்பா பொறந்ததே அந்தக் காம்பராவுலதான். இந்தியாவுக்கு அனுப்பத் தோட்டத்துக் கணக்குல பேர வெட்டுன மறுநாளே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எங்கம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் டைம் குடுங்க ஐயான்னு எங்கப்பா கேட்டாரு. வாடகை குடுத்தா இருந்தே, டைம் கேக்குறதுக்குன்னான் அந்தத் தோட்டத்து ஆபீஸ் ஆளு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். இது அவளுக்கும் புதிது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"போன வருசம் இவ சாமான அட்டப்பெட்டியில தூக்கிட்டுப் போனது நாந்தான்" என்றார் அப்பா. "இவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

பீரோவிலிருந்து பழைய ரசீது புத்தகத்தை எடுத்துவந்தார். வேன் ஓட்டிய காலத்தில் பார்ட்டிகளுக்குக் கிழித்துக் கொடுத்தது, மேலே வேன் படம் போட்டது. கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டார், நான் சரியாக வைத்தேன். கண் சரியில்லாததால் எழுத்து ஒருபக்கமாக இறங்கிக்கொண்டே போனது. பின்னறை, மே மாதம், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதினார். பெயர் எழுதும் இடத்தில் நிறுத்தி, "இன்ஷியல் எது போட?" என்றார்.

"உங்களோடதுதான்ப்பா."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துத் தந்தார். "இனிமே யாரும் உன்ன எந்திரின்னு சொல்ல முடியாது. நானும்தான். ஆஃப் சீசனுக்குப் பாதி குடுத்தாப் போதும்."

"சோறு இதுல சேராது, சொல்லிட்டேன்" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "சோத்துக்குக் காசுன்னு யாராச்சும் பேச்ச எடுத்தீங்க, நடக்கிறதே வேற."

மேஜையை நானும் அவளும் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க ரூம் புக் ஆயிருச்சா?" என்று கேட்க, "மாசம் பூராவும். கம்பெனி பார்ட்டி. ஒரு தொந்தரவு கெடையாது" என்று அம்மா பதில் சொன்னது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. பாவாடையை மட்டும் இன்னமும் என் அறையில்தான் காயப்போடுகிறாள், ஈரக்கையோடு, கேட்காமல், மீட்டிங் நடுவில். அதற்கு எந்த ரசீதும் செல்லாது.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங் தொடங்கிச் சற்று நேரம் ஆகியிருக்கும். கதவில் மெதுவாக இரண்டு தட்டு விழுந்தது. யாராவது அறை கேட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்து, மைக்கை அணைத்துவிட்டு, "யாரு?" என்றேன்.

"நாந்தான் பாப்பா. இந்த மாத்திரை பேரு தெரியல. உள்ள வரலாமா?"

தான் கடன் வாங்கிக் கட்டிய அறையின் கதவுக்கு வெளியே, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நின்றுகொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேமராவையும் அணைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.