கல்லுச் சாமியாரின் கல்

தாம்பரம் ஸ்டேஷனில் காலை வண்டிக்காக நின்றிருந்தேன். எங்கள் மாதா கோவில் உபதேசியார் மூச்சிரைக்க வந்து, "சார், நம்ம கல்லுச் சாமியார் தவறிட்டாராம்" என்றார். வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கு வந்த சேசு சபைத் துறவி அவர். இந்தப் பக்கத்து ஊர்களின் சரித்திரத்தைக் கல்வெட்டுகளைப் படித்தே எழுதியவர். சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். அறுபதுகளில் ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் சைக்கிளில் ஏரி ஏரியாகச் சுற்றுவோம். கடப்பாரை பிடிப்பது என் வேலை. எந்தக் கல்லையும் புரட்டிப் பார்க்காமல் நகரக் கூடாது என்பது அவருடைய சட்டம். பெரும்பாலும் அடியில் மண்புழுதான் இருக்கும்.

ஒருமுறை கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் பச்சையம்மா என்பவர் ஒரு கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை சாமியார் வெயிலிலேயே காத்திருந்தார். பிறகு கல்லைப் புரட்டினோம். அடியில் எழுத்து!

"இன்னா சாமி, தொவைக்கிற கல்லுல இன்னா கீது?"

"உங்கள் ஏரிக்கு மதகு கட்டியவரின் பெயர் இருக்கிறது, அம்மா."

எழுத்தைக் காகிதத்தில் படி எடுத்ததும், அது மண்ணைப் பார்க்கும்படி கல்லைப் பழையபடியே போடச் சொன்னார். மியூசியத்துக்கு அனுப்பலாமே என்றேன். "அப்படியானால் இவர் நாளைக்கு எதில் துவைப்பார்?" என்று கேட்டார்.

முப்பதாம் நாள் பூசையன்று கோவில் வாசலில், மறைமாவட்ட ஆயர் கையால் அவருக்குப் பொது நினைவுக்கல் நாட்ட ஏற்பாடாயிற்று. முந்தின நாள் பார்க்கப் போனேன். பெயரை அழகாகவே வெட்டியிருந்தார்கள். ஆனால் கல்லின் நடுவில் துவைத்துத் தேய்ந்த பள்ளம்.

"கல் எங்கே கிடைச்சது சார்?"

"கீழ்க்கட்டளை ஏரிக்கரையில சும்மா கெடந்தது. நல்ல ஓல்டு ஸ்டோன்" என்றார் விழாக் குழுத் தலைவர் ஞானதுரை.

உளி விழுந்த வேகத்தில் அடியில் இருந்த எழுத்து என்னவாயிற்றோ? சரித்திரக்காரருக்கு நினைவுக்கல் வைக்கப்போய்ச் சரித்திரத்தையே உடைத்துவிட்டோமா? புரட்டிப் பார்க்கணும் என்றேன்.

"நாளைக்கு ஆயர் வர்றார் சார். புரட்டும்போது ஒடைஞ்சா யார் பதில் சொல்றது?"

அவர் பயமும் நியாயம்தான். அந்த நேரத்தில், கல்லைத் தேடிக்கொண்டு பச்சையம்மாவே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு எங்க கல்லைத் தூக்கினு வந்தீங்க? அந்தச் சாமியே வச்சுட்டுத்தான் போனாரு!"

ஞானதுரை ஆட்களைக் கூப்பிட்டார். கோணிகளைப் பரப்பி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எயுத்து அப்படியேதான் கீது சார், கண்ணைத் தொற" என்றார் பச்சையம்மா.

நினைவுக்கல்லை ஏரிக்கரையிலேயே வைப்பதென்று முடிவாயிற்று. மறுநாள் ஆயரும் அங்கேயே வந்தார். கல் பழைய இடத்துக்குப் போனது. மதகு கட்டியவர் பெயர் மண்ணைப் பார்த்தது, சாமியார் பெயர் வானத்தை.

"சாமி பேரு மேல எப்படி தொவைக்கிறது?" என்று பச்சையம்மா தயங்கினார். அன்று சாமியார் என்னிடம் கேட்டதைச் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஒரு குடம் தண்ணீரை அந்தப் பெயர்மேல் ஊற்றி, முதல் புடவையை வைத்தார்.

சாமி, உங்கள் பெயர் தேய்ந்துவிடுமே என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்கு அது இருக்காது. போய் வாருங்கள்.