நீல அறையின் மணி

விசாரணை எதுவானாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் அளிக்கப்படும் என்று அந்த ஹோட்டலின் இணையதளத்தில், அதுவும் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அனுப்பிய நாள் ஜூன் இரண்டு.

இன்று ஹோட்டலாகிவிட்ட அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் எழுவது புளி வாசனைதான். குன்னூருக்கு மேலே, விக்டோரியா ராணி காலத்தில் ஒரு தேயிலைத் துரை கட்டிய கல் பங்களா. அப்பா இறந்த பிறகு அம்மா அங்கே ‘ஆயா’வாகச் சேர்ந்தாள். சமையலறைச் சுவரின் உச்சியில் எட்டுப் பித்தளை மணிகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றும் சுவருக்குள் ஓடும் கம்பியால் ஓர் அறையோடு இணைந்திருக்கும். மேலே துரைசாணி கயிற்றை இழுத்தால் கீழே மணி ஆடும். எந்த மணி என்று பார்த்துவிட்டு அம்மா ஓடுவாள். வெள்ளிதோறும் ஸ்டூல் போட்டு ஏறி எட்டையும் புளியால் துலக்குவதும் அவள்தான். தன்னை விரட்டுகிற பொருளைத் தானே பளபளப்பாக்கும் ஊழியர்களைப் பிற்பாடு அரசாங்க உத்தியோகத்தில் நிறையப் பார்த்தேன். நானும் அவர்களில் ஒருவன்.

வேலையாட்களின் பிள்ளைகள் சமையற்கட்டையும் வீட்டையும் பிரிக்கும் ‘பச்சைக் கதவை’த் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டின் விதி. ஆகவே நான் மணிகளுக்குக் கீழேயே சாப்பிட்டேன், படித்தேன், ஓடுகிற அம்மாவின் முதுகைப் பார்த்து வளர்ந்தேன்.

எனக்கு எட்டு வயதான மழைக்காலத்தில் துரை குடும்பம் சீமைக்குப் போயிருந்தது. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியாகிவிட்டது. ஆளில்லாத வீட்டையும் அம்மா காலையிலிருந்து பொழுது சாயும்வரை துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் துணையில்லாத ஒரு பிற்பகலில் நான் பச்சைக் கதவைத் தாண்டி, மாடியேறி, துரைசாணியின் நீல அறைக்குள் போய்க் கயிற்றை இழுத்தேன்.

காலி வீட்டில் மணி அடித்தால் எவரும் பயப்படுவார்கள். அம்மா பயப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்துவிட்டாள். வாசலில் மூச்சு வாங்க நின்ற பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்பதே அவளுக்கு நினைவு வந்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“சொல்லுங்க தொரை, என்ன வேணுமுங்க?” என்றாள் கைகட்டி.

“நீ சித்த நேரம் உக்காரும்மா.”

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, துணியை விலக்கி, துரைசாணியின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டாள். “இங்கிருந்து பாத்தா நம்ம தோட்டத்து லைன் வீடுகூடத் தெரியுதுடா” என்றாள். இருட்டும்வரை மழையைப் பார்த்தோம். அம்மா முழுதாக எனக்கே இருந்த நாள் அது ஒன்றுதான்.

இப்போது அமீரகத்தில், அல் ஐனில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மருமகனும் டியூட்டிக்குப் போய்விட்டால் மாலைவரை எனக்கும் ஏசிக்கும்தான் பேச்சுவார்த்தை. காலிங் பெல் அடித்தால் பார்சல், பக்கத்து ஃபிளாட்டுக்கு. அந்தப் பங்களாவைப் புதுப்பித்துக் குடும்ப ஹோட்டலாக்கியிருப்பதை மகள்தான் போனில் காட்டினாள். படத்தில் நீல அறை இருந்தது, கயிறும் இருந்தது. மணி இன்னும் அடிக்கிறதா என்று கேட்டு எழுதினேன். பிறகு முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, முந்தைய கடிதங்களை ஆபீஸ் வழக்கப்படி மேலே ‘பார்வை’ என்று குறித்து.

“அப்பா, ‘பார்வை ஒன்று, பார்வை இரண்டு’ன்னு போட்டா கோர்ட் நோட்டீஸ்னு பயந்துடுவாங்கப்பா! ஆகஸ்டு கடைசியில எனக்கு லீவு. ரூமைப் போட்டுடட்டுமா?”

“பதில் வரட்டும்மா.”

வந்தது. கயிறும் மணிகளும் பழைமை மாறாமல் பாதுகாக்கப்படுகின்றனவாம். இடையிலிருந்த கம்பியை மட்டும் பழுதுபார்க்கும்போது எடுத்துவிட்டார்களாம். கயிற்றை இழுத்தால் யாரும் வரமாட்டார்கள், உதவிக்குத் தொலைபேசியில் ஒன்பதை அழுத்தவும் என்று மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். மகளிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடிதத்தை அச்செடுத்து, பழைய வழக்கப்படி மூலையில் குறித்து வைத்தேன்: பதில் கிடைத்த நாள், ஆகஸ்டு பதினொன்று.